கேளுங்கள், சொல்கிறோம்: கன்னியாகுமரி முதல் நீரோடி வரை

குமரி மாவட்டக் கடற்கரையைச் சுற்றிப் பார்ப்பது பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துக் கொண்டோம்.

கன்னியாகுமரியில் கிளம்பி, கடலை விட்டு விலகாமலே கேரள எல்லை வரை காரில் போய்விட முடியுமா? ஒரு நாள் போதுமா?
- வாசகர், திருச்சி

விலகாமல் போக முடியாது. வரைபடத்தில் கரையோரமாக ஒரே கோடாகத் தெரிவது, நேரில் துறைக்குத் துறை பெயரும் அகலமும் மாறுகிற பல சாலைகளின் தொகுப்பு. கரையின் நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறுகள் நான்கு இடங்களில் கடலைத் தொடுகின்றன. மணக்குடியில் பழையாறு, ராஜாக்கமங்கலம் பக்கம் பன்றிவாய்க்கால், கடியபட்டணத்தில் வள்ளியாறு, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி. இந்தப் பொழிமுகங்களுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் பாலத்தைத் தேடிச் சாலை கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பும். பயணத்தின் அழகே அங்கேதான். இடதுபுறம் கடல், வலதுபுறம் காயல், நடுவில் தென்னந்தோப்பு என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை காட்சி மாறும்.

மேற்கே போகிற வரிசை இது: கன்னியாகுமரி, கோவளம் (கேரளக் கோவளம் அல்ல, குமரிக் கோவளம்), கீழமணக்குடி, பாலம் தாண்டி மேலமணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் துறை, அழிக்கால், பிள்ளைத்தோப்பு, முட்டம், கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு புதூர், குளச்சல், குறும்பனை, மிடாலம், இனயம், தேங்காய்ப்பட்டணம். மணக்குடிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள். பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி பெயர்த்துக் கொண்டு போனது. இப்போது நிற்பது அதன்பின் கட்டியது.

தேங்காய்ப்பட்டணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எதிர்க்கரை இரயுமன்துறை கண்ணெதிரே தெரியும், ஆனால் முகத்துவாரத்தில் கார் கடக்க வழியில்லை. புதுக்கடை, முஞ்சிறை வழியாக உள்ளே வந்து, கணபதியான்கடவுப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, விரிவிளை, நித்திரவிளை போய், அங்கிருந்து தூத்தூருக்கு இறங்க வேண்டும். பிறகு சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. அதோடு தமிழ்நாடு முடிந்தது.

ஓட்டம் மட்டும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடிய சாலையும் இல்லை. வாசற்படி நேராகச் சாலையில் இறங்கும், வலை காயும், கோழி குறுக்கே வரும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆகவே இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் குளச்சல் வரை, இரண்டாம் நாள் மிச்சம். இரவுக்கு நாகர்கோவில் வந்துவிடுவது உத்தமம். துறைகளில் விடுதி அரிது.

கிழக்கிலிருந்து மேற்கே போவதா, மேற்கிலிருந்து கிழக்கே வருவதா?
- வாசகர், ஈரோடு

மேற்கே போங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் கடல் உங்கள் பக்கமே இருக்கும். எதிர்வரும் வண்டிக்குக் குறுக்கே திரும்பாமல் நினைத்த இடத்தில் ஒதுங்கலாம். காலை வெயில் முதுகில் விழும். மாலை 4 மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், அந்நேரம் எங்காவது இறங்கி உட்கார்ந்துவிடுங்கள். முட்டத்தின் பாறைகள் அதற்கென்றே இருக்கின்றன.

மே மாதம் கன்னியாகுமரி போனோம். சூரியன் கடலில் மறையும் என்றார்கள், தரைக்குப் பின்னால் போய்விட்டது. மேகமும் இல்லை. என்ன கோளாறு?
- வாசகி, கும்பகோணம்

கோளாறு எதுவுமில்லை, மாதம்தான் தவறு. கன்னியாகுமரியிலிருந்து கரை மேற்காகச் சற்று வடக்கே சாய்ந்து போகிறது. சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை சூரியன் மேற்குக்கு வடக்கே ஒதுங்கி மறைவதால், ஊருக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கரைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஐப்பசி முதல் மாசி வரை தெற்கே ஒதுங்கி மறையும், அப்போது கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். கோடையில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் மாலையில் முட்டம் வந்துவிடுங்கள். அங்கே கரை வடமேற்காகத் திரும்புவதால் ஆண்டு முழுவதும் மறைவு கடல் பக்கமே. உதயத்துக்குக் கன்னியாகுமரி எந்த மாதமும் ஏமாற்றாது, மேகத்தைத் தவிர.

பிள்ளைகளைக் குளிக்க விடலாம் என்றால் எந்தக் கடற்கரை பாதுகாப்பு? லெமூர் கடற்கரை பற்றி நிறையச் சொல்கிறார்களே?
- வாசகி, மதுரை

கால் நனைக்கலாம். இடுப்பளவு நீரில் இறங்கிக் குளிக்க இந்தக் கரையில் எந்த இடத்தையும் நாங்கள் சொல்லமாட்டோம்.

கணபதிபுரம் லெமூர் கடற்கரை பார்க்க அழகு, மணல் அகலம், கூட்டம் குறைவு. அதே இடத்தில்தான் 2024 மே மாதம் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது நடப்பில் இருந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசும் புயல் எழுப்பும் நீண்ட அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று நீர் ஏறி, நின்ற இடத்தைத் தாண்டிப் போய், திரும்பும்போது ஆளை இழுத்துக்கொண்டு போகும். சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறையில் வருகிறது என்பது கூடுதல் ஆபத்து. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புகிற காலையில் அதைப் பார்த்துவிடுங்கள். அன்று மீனவர்கள் வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே ஏற்றிக் கட்டியிருந்தால் வேறு எச்சரிக்கையே வேண்டாம்.

சாதாரண நாளிலும் இழுப்பு உண்டு. கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவே மட்டும் ஒரு பட்டை உடையாமல் அமைதியாக, சற்றுக் கலங்கலாகத் தெரியும். விவரம் தெரியாதவர் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குவார். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, நீச்சல் வீரருக்கும் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரையேற வேண்டும். பொழிமுகங்களில் நீர் வற்றும் நேரத்தில் ஆறும் சேர்ந்து இழுக்கும், அங்கே கால் நனைப்பதும் வேண்டாம்.

முட்டம், கடியபட்டணம் பாறைகளுக்குத் தனிக் கணக்கு. பாறையில் கருப்பாக ஈரம் மினுங்கும் மட்டம் எதுவோ, அதுவரை அலை வருகிறது என்று பொருள். அந்த இடத்தில் பச்சைப் பாசியும் இருக்கும், எந்தச் செருப்பும் நிற்காது. ஏறுவதற்கு முன் கால் மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். சிறு அலைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூன்று நான்கு பெரிய அலைகள் சேர்ந்து வரும். அவை எட்டிய உயரத்துக்கு மேலே மட்டும் உட்காருங்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதுதான் இங்கே நடக்கும் விபத்துகளில் முக்கியக் காரணம்.

கண்ணாடிப் பாலம் பார்க்கத் தனிப் படகா?
- வாசகர், ஓசூர்

இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பாலம், 77 மீட்டர் நீளத்தில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலைப் பாறையையும் இணைக்கிறது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனால் அங்கிருந்து நடந்து கடக்கலாம். காற்று பலமாக இருந்தால் படகே ஓடாது. கார்த்திகை முதல் தை நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், காலை 7 மணிக்கே வரிசையில் நில்லுங்கள்.

காரைக் கடற்கரை மணலில் இறக்கி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?
- வாசகர், கோயம்புத்தூர்

இறக்காமல் இருப்பதுதான் முதல் பதில். சங்குத்துறை, சொத்தவிளை இரண்டிலும் சாலை மணலை ஒட்டியே போவதால், 'இன்னும் பத்தடி' என்று ஆசை வரும். மேல்மணல் காய்ந்து பொலபொலவென்று இருக்கும். சக்கரம் சுழன்றால் அடியில் உள்ளதை வாரி வெளியே தள்ளி, தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்ளும். வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் பிறகு கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும்.

ஆகவே சக்கரம் ஒருமுறை வழுக்கியதுமே ஆக்சிலேட்டரை விடுங்கள். ஆட்களை இறக்குங்கள். நான்கு டயரிலும் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறையுங்கள். டயர் தட்டையாகி மணலில் அதிக இடம் பிடிக்கும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இழுவைச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் சரிவாக வழித்தெடுத்து, தென்னை மட்டையையோ பழைய சாக்கையோ சக்கரத்தை முட்டும்படி செருகுங்கள். ஈர மணலை அள்ளிப் போட்டு மிதித்தாலும் பிடிப்பு வரும். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது எளிது, அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். ஸ்டீயரிங் நேராக, கிளட்சை மெதுவாக விட்டு, நிற்காமல் தார்ச்சாலை வரை. பிறகு காற்று நிரப்பும் வரை 30க்கு மேல் ஓட்டாதீர்கள். கையடக்கக் காற்றுப் பம்பு ஒன்று வைத்திருப்பது நல்லது.

தள்ளிவிட வரும் இளைஞர்களுக்கு டீச்செலவு கொடுக்க மறவாதீர்கள்.

புல்லட்டில் வருகிறேன். உப்புக்காற்று வண்டியைத் தின்னுமா?
- வாசகர், சேலம்

இரண்டு நாளில் தின்னாது. ஆனால் இரவில் பத்து நிமிடம் செலவழித்தால் பிறகு கவலை வேண்டாம். நல்ல தண்ணீரை வாளியில் எடுத்து, சங்கிலி, ஸ்போக்ஸ், சைலன்சர், இன்ஜின் அடிப்பக்கம் ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சும் பம்பை வீல் பேரிங் பக்கம் காட்டாதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். துணியால் துடைத்து, சங்கிலி காய்ந்த பிறகு எண்ணெய் போடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட எண்ணெய் உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடும். காலையில் பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாகத் தெரிவது மேல்துரு, இரண்டு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

துருவைவிடக் காற்றைப் பாருங்கள். தோப்புக்குள்ளிருந்து சட்டென்று திறந்த கரைக்கு வெளிவரும் இடங்களிலும் மணக்குடிப் பாலத்திலும், வைகாசி முதல் ஆவணி வரை பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்து, சாலை நடுவுக்குக் கொஞ்சம் உள்ளே ஓட்டுங்கள். வளைவுகளில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் மெல்லிய விரிப்பாகக் கிடக்கும். அதில் முன்பிரேக் பிடித்தால் விழுவீர்கள்.

நல்ல மீன் எங்கே, எப்போது வாங்கலாம்? சென்னை வரை கெடாமல் கொண்டுபோக முடியுமா?
- வாசகி, தாம்பரம்

முதலில் நாட்காட்டி. விசைப்படகுத் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31. ஆக மே மாதம் சின்னமுட்டம் ஓய்ந்திருந்தால் குளச்சலுக்குப் போகலாம். தடைக்காலத்திலும் வள்ளமும் கட்டுமரமும் போகும், சாளையும் (மத்தி) நெத்தோலியும் (நெத்திலி) அயிலையும் (கானாங்கெளுத்தி) கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். கத்தோலிக்கத் துறைகளில் பெரும்பாலும் அன்று கடலுக்குப் போவதில்லை. கோயிலில் (தேவாலயத்தைத்தான் இங்கே கோயில் என்பார்கள்) பூசை முடிந்து தெரு நிறைய ஆட்கள் இருப்பார்கள், வண்டியும் நகராது.

துறைமுக ஏலத்தில் நீங்கள் கை தூக்க வேண்டாம். அங்கே கூறு கூறாக, பெட்டி பெட்டியாக வியாபாரிகள் எடுப்பார்கள். ஏலம் முடிந்ததும் பக்கத்திலேயே கூடை வைத்திருக்கும் அக்காமாரிடம் கிலோக்கணக்கில் வாங்கலாம். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் திட்டும் கிடைக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோவதற்கு, மீனை முழுதாக வைத்துக் குடலையும் செவுளையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். துண்டு போட்டால் வெட்டுவாயில் நீர் ஏறிச் சுவை போய்விடும். எடைக்கு எடை ஐஸ்: 3 கிலோ மீனுக்கு 3 கிலோ, பொடித்தது. கட்டி ஐஸ் மீனோடு ஒட்டாது, இடையில் சூடான காற்று நிற்கும். தெர்மாகோல் பெட்டியின் அடியில் இரண்டு விரற்கடை ஐஸ், மேலே ஓர் அடுக்கு மீன், மறுபடி ஐஸ், கடைசி அடுக்கு ஐஸாகவே முடியட்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வெப்பம் மட்டுமல்ல, உருகிய தண்ணீரில் மீன் ஊறினாலும் கெடும். காரில் போனால் பெட்டியின் அடி மூலையில் ஓர் ஓட்டை போட்டுக் கீழே தட்டு வையுங்கள். ரயிலில் அது முடியாது. மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸுக்குள் புதைத்து, பெட்டியைப் பாலித்தீன் தாளில் சுற்றுங்கள். இல்லையென்றால் பக்கத்து இருக்கைக்காரர் வள்ளியூர் தாண்டுவதற்குள் சண்டைக்கு வருவார்.

மணவாளக்குறிச்சியில் மணல் கருப்பாக இருக்கிறதே, கதிர்வீச்சு என்கிறார்களே, இறங்கலாமா?
- வாசகர், விழுப்புரம்

தாராளமாக. கருப்பு நிறம் இல்மனைட்டால் வருவது, செந்நிறம் கார்னெட். கதிர்வீச்சுக்குக் காரணம் அவற்றோடு கலந்திருக்கும் மோனசைட்டில் உள்ள தோரியம். சில மணி நேரம் நின்று பார்ப்பவருக்கு அது பொருட்டே இல்லை. மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு வந்த கனிமங்கள் இவை. வெள்ளை மணலான குவார்ட்ஸைவிடக் கனமானவை என்பதால், அலை இலேசானதை வாரிக்கொண்டு போகும்போது இவை கரையிலேயே தங்கிக் கருப்புப் பட்டையாகப் படிகின்றன. ஆடிக் கடல் அடித்து ஓய்ந்த பிறகு பட்டை இன்னும் தடிமனாக இருக்கும். 1909ல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுகொண்டார். இப்போது இந்திய அருமணல் ஆலை அங்கே இயங்குகிறது. நினைவுக்கு என்று ஒரு பாட்டில் அள்ளி வராதீர்கள். அணுக் கனிமங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது.

கார் இல்லை. பஸ்ஸில் முடியுமா?
- வாசகி, விருதுநகர்

முடியும், ஆனால் கோர்வையாக முடியாது. கரையோரமாகவே ஓடும் பஸ் குறைவு. நாகர்கோவிலை மையமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு துறைக்கும் போய்த் திரும்ப வேண்டும். வெளியூர் பஸ் உங்களை வடசேரியில் இறக்கும், முட்டம், குளச்சல் பஸ்கள் அண்ணா பேருந்து நிலையத்தில் நிற்கும். இரண்டும் வெவ்வேறு இடம். குளச்சலுக்கு ரயிலில் வந்தால் இரணியல், தேங்காய்ப்பட்டணத்துக்குக் குழித்துறை.

சைவம் நாங்கள். பட்டினிதானா?
- வாசகர், மயிலாடுதுறை

கடலோரத் துறைகளில் கொஞ்சம் சிரமம், ஒரு மைல் உள்ளே வந்தால் விருந்து. ஈத்தாமொழியில் இளநீர், நாகர்கோவிலில் அவியலும் எரிசேரியும் தீயலுமாகச் சாப்பாடு, ரசவடை, மட்டிப்பழம். பனைக்காலத்தில் சாலையோரம் அக்கானி என்று எழுதியிருந்தால் நிறுத்துங்கள், பதநீர்தான். காலையில் குடித்தால் இனிப்பு, மதியத்துக்கு மேல் புளிப்பேறும்.

அசைவக்காரர்களுக்கு: அவித்த மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு, தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு. கடியபட்டணம், குறும்பனை பக்கம் பாறையில் மூழ்கி எடுக்கும் சிப்பி கிடைத்தால் விடாதீர்கள்.

எந்த மாதம் வருவது? மழை வந்துவிட்டால் பயணம் வீண்தானே?
- வாசகர், வேலூர்

தை பிற்பாதி முதல் மாசி வரை என்பது எங்கள் தேர்வு. கடல் அமைதி, வெயில் மிதம், ஐயப்ப சீசன் கூட்டமும் வடிந்திருக்கும். மாசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கொடை நடக்கும் பத்து நாளும் அந்தச் சாலையில் கார் ஊர்ந்துதான் போகும். கூட்டத்தைக் காணவே வருகிறீர்கள் என்றால் வாருங்கள், இல்லையென்றால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் கடல் பார்க்கவே பயங்கர அழகு. ஆனால் இனயம், வள்ளவிளை பகுதிகளில் அலை தடுப்புக்கல்லைத் தாண்டிச் சாலையில் விழும், தார் பெயரும், வழி அடைபடும். கூகுள் வழி திறந்திருப்பதாகவே காட்டும், நம்பாதீர்கள். முந்தின துறையில் நிறுத்தி, "அண்ணே, கார் போகுமா?" என்று கேளுங்கள். 'பைக் போவும்' என்று பதில் வந்தால் கார் போகாது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் தூத்தூர், வள்ளவிளைத் துறைகள் இழந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நாளில் அங்கே நினைவுப் பூசை நடக்கும், அப்போது கேமராவோடு நுழையாதீர்கள்.

மழை வந்தால் உள்நாட்டுக்குத் திரும்புங்கள். குளச்சலில் 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்ததன் வெற்றித்தூண் நிற்கிறது. அங்கே பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூருக்கே படைத்தலைவரான டி லனாய் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். தூணைப் பார்த்த அன்றே கல்லறையையும் பார்த்துவிடலாம், இரண்டும் பக்கம்தான். அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை கூப்பிடு தூரம், திங்கட்கிழமை விடுமுறை.

தூத்தூர், நீரோடி வரை போவதில் பார்க்க என்ன இருக்கிறது? முட்டத்தோடு திரும்பிவிடலாமா?
- வாசகர், புதுச்சேரி

சுற்றுலாப் பலகை எதுவும் இல்லை, பூங்கா இல்லை. இருப்பது ஆழ்கடல் மீனவர்களின் ஊர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கி, சுறாவையும் சூரையையும் தேடி அரபிக்கடலில் வெகுதூரம் போகிறவர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழைய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயின் மிச்சம், நடுவில் நெருக்கமான வீடுகள், ஊருக்கொரு பெரிய கோயில். வலை பின்னுகிறவர் பக்கத்தில் அனுமதி கேட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. மீன் ஆய்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பெட்ரோலை நித்திரவிளையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது களியக்காவிளைக்கு ஏறி நெடுஞ்சாலை வழியாக வருவது நேர்வழி. மார்த்தாண்டத்தை மாலை 5 மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும், தவறினால் மேம்பாலம் இருந்தும் முக்கால் மணி நேரம் அங்கேயே போகும்.